மெக்சிகோவுக்குச் சூலம்

"மேடம், இந்த மெக்சிகோ எந்தப் பக்கம் கீது?"

கம்பெனியின் பயணப் பிரிவில் உட்கார்ந்து டிக்கெட் போட்டுக்கொண்டிருந்த சுபஸ்ரீ தலை நிமிர்ந்தாள். எதிரே ஸ்டாஃப் பஸ் ஓட்டும் கோதண்டம் நின்றிருந்தார். காக்கிச் சட்டைப் பையிலிருந்து இந்த வாரத்துத் தினசரி காலண்டர் தாள்கள் எட்டிப் பார்த்தன.

"எந்தப் பக்கம்னா? அமெரிக்காவுக்குக் கீழ இருக்குண்ணா."

"கீழன்னா, கெயக்காலயா மேக்காலயா?"

சுபஸ்ரீயிடம் இதுவரை ஜன்னலோர சீட் கேட்டிருக்கிறார்கள், சைவச் சாப்பாடு கேட்டிருக்கிறார்கள். திசை கேட்டவர் யாருமில்லை. அவளும் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

"உங்க பொண்ணு ஜெர்மனி வழியா போறாங்க. ஜெர்மனி நமக்கு மேற்குதானே? அங்கேர்ந்து இன்னும் மேற்கே போனா மெக்சிகோ. வெள்ளிக்கிழமை ஃபிளைட்."

கோதண்டம் பையிலிருந்து ஒரு தாளை உருவிப் பார்த்தார். வெள்ளிக்கிழமை மேற்கே சூலம். காலண்டர் தாளில் அச்சடித்தே போட்டிருக்கிறான், படிக்கத்தான் ஆளில்லை.

சூலம் என்றால் கோதண்டத்துக்கு விளையாட்டில்லை. ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு திசை ஆகாது, அந்தத் திசைக்குப் போயே தீரவேண்டும் என்றால் பரிகாரமாக எதையாவது வாயில் போட்டுக்கொண்டு போக வேண்டும். மேற்குக்கு வெல்லம், கிழக்குக்குத் தயிர், வடக்குக்குப் பால். தினமும் வாலாஜாபாத்துக்கும் ஒரகடத்துக்கும் பஸ் ஓட்டுகிறவர் என்பதால் அவருடைய டேஷ்போர்டில் எப்போதும் ஒரு வெல்லக்கட்டியும் தயிர் பாக்கெட்டும் இருக்கும். ஏறுகிறவர்கள் சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, பக்கத்தில் இருக்கும் தயிரைப் பார்த்து முழிப்பார்கள்.

ஒரே ஒரு தடவைதான் தவறினார். 2015 மழையில், ஒரு செவ்வாய்க்கிழமை, பால் குடிக்காமல் வடக்கே குன்றத்தூர்ப் பக்கம் வண்டியை விட்டார். செம்பரம்பாக்கத்துத் தண்ணீர் வந்து சேர, பஸ் கூரைமேல் உட்கார்ந்து விடிய விடிய நனைந்தார். ஊரெல்லாம் மழையைத் திட்டியது. கோதண்டம் மட்டும் தான் குடிக்காத பாலை நினைத்துத் தன்னையே திட்டிக்கொண்டார்.

இப்போது போகப்போவது அவருடைய ஒரே பெண் எழிலரசி. அதே கம்பெனியில், கார்களுக்கு வயர் கட்டும் பிரிவில் லைன் லீடர். கொரியாக்காரக் கம்பெனி மெக்சிகோவில் புதிதாகத் தொழிற்சாலை திறக்கிறது. அங்கே இருக்கிற பெண்களுக்கு வேலை சொல்லிக்கொடுக்க ஒரகடத்திலிருந்து ஒரே ஒரு ஆள். மூன்று மாதம் போய்விட்டு வந்தால் சூப்பர்வைசர். எழிலரசி போகமுடியாமல் போனால் அந்த இடத்துக்கு நரசிம்மன் என்றொரு லைன் லீடர் பெட்டி கட்டித் தயாராக உட்கார்ந்திருந்தான். கம்பெனியில் அவனைப் பார்க்கிறவர்கள் எல்லாம் அவன் ஏற்கெனவே மெக்சிகோ போய் வந்துவிட்டதாகவே நினைத்தார்கள், அவ்வளவு பேசினான்.

சூலம் என்று ஆபீசில் சொன்னால் சிரிப்பார்கள். பெண்ணுக்குத் தெரிந்தால் இரண்டு நாள் பேசமாட்டாள். அதனால் கோதண்டம் ஒரு பொய்யைச் சொன்னார்.

"மேடம், எம்பொண்ணுக்கு ஜெர்மனி ஒத்துக்காது."

"ஜெர்மனி ஒத்துக்காதுன்னா?"

"குளிரு. சின்ன வயசுலேர்ந்தே குளிருன்னா மூச்சு இழுக்கும்."

எழிலரசிக்கு ஐப்பசி அடைமழையில்கூடத் தும்மல் வந்ததில்லை. சுபஸ்ரீக்கு அது எப்படித் தெரியும்? அவள் முகம் வாடிவிட்டது.

"அச்சச்சோ, மெடிக்கல்ல சொல்லவே இல்லையே. சரிண்ணா, கொரியா வழியா போட்டுப் பாக்கறேன். அது கிழக்கு. நம்ம ஜி.எம். பார்க் சாரும் மெக்சிகோவுக்கு அப்படித்தான் போறார், அவர்கூடவே போயிடட்டும்."

"அது போதும் மேடம். நீ நல்லா இருக்கணும்."

"அவர் தேதிதான் ஒரு நிலையில நிக்க மாட்டேங்குது. திங்கள்னார், அப்புறம் வேணாம்னார். இப்ப சனிக்கிழமைன்னு நிக்குது. அதையே உங்க பொண்ணுக்கும் போட்டுடறேன்."

கோதண்டம் சந்தோஷமாகப் படியிறங்கி, பார்க்கிங் வரைக்கும் வந்து, பையிலிருந்து அடுத்த தாளை எடுத்துப் பார்த்தார். சனிக்கிழமை கிழக்கே சூலம் என்று போட்டிருந்தது.

டீக்கடையில் இசக்கிபாண்டி உட்கார்ந்திருந்தான். தூத்துக்குடிப் பக்கத்துப் பையன், பார்க் சாரின் கார் டிரைவர். ஒரகடத்தில் ஒரு ரூம் எடுத்துத் தங்கியிருந்தான். கோதண்டத்தின் சூலக் கணக்கை அந்தக் கடையில் பொறுமையாகக் கேட்கிற ஒரே ஆள் அவன்தான். மற்றவர்கள் டீ ஆறுவதற்குள் எழுந்துவிடுவார்கள்.

"என்ன அண்ணாச்சி, மூஞ்சி வாடிக் கெடக்கு?"

"சனிக்கெயமெ கெயக்கால அனுப்பறாங்கப்பா எம்பொண்ண."

"கெழக்கயா?" இசக்கிபாண்டி டீயை வைத்துவிட்டு நெருங்கி உட்கார்ந்தான். "சனிக்கெழம கெழக்க போனா ஆவாதோ?"

"ஆவாதுப்பா. திங்களும் ஆவாது."

"தயிர் சாப்ட்டா சரியாப் போவும்னியளே?"

"அது வாலாஜாபாத் தூரத்துக்கு. கடல் தாண்டிப் போறதுக்கு ஒரு டம்ளர் தயிர் எம்மாந்தூரம் தாங்கும்? நீ ஏன் இம்மாம் வெவரம் கேக்கற? ஊருக்குப் போறியா?"

"சும்மாத்தான் அண்ணாச்சி. தெரிஞ்சு வச்சிக்கிடுதது நல்லதுல்லா," என்றான் இசக்கிபாண்டி.

வீட்டுக்குப் போனால் வாசலிலேயே எழிலரசி காத்திருந்தாள். வடக்குப்பட்டு கிராமத்தில் அந்தத் தெருவுக்கே கேட்கும்படி ஆரம்பித்தாள்.

"நைனா, எனக்கு மூச்சு இழுக்குதாமே?"

கோதண்டம் செருப்பைக் கழற்றுவதில் மும்முரமானார்.

"மெடிக்கல் ரூமுக்குக் கூட்டிகினு போயி ஒரு குழாயைக் குடுத்து ஊத சொன்னாங்க. ஊதுனேன். நல்லாத்தான் கீதுன்னாங்க. ஆனாலும் ஆபீஸ்ல எல்லாம் என்னைப் பாத்து உச்சு கொட்றாங்க. லிப்ட்டுல போ எழிலு, படியேறாதேன்றாங்க. அந்த நரசிம்மன் வந்து, உடம்பு முக்கியம் எழிலு, நான் வேணா உனக்கு பதிலா போறேன், அப்டின்றான்."

"நல்ல பையன்," என்றாள் உள்ளேயிருந்து அவள் அம்மா கங்கா. "யோவ், இன்னாயா சொல்லி வெச்ச ஆபீஸ்ல?"

"வழி மாத்தினேன். கெயக்கால போனா நல்லதுன்னுட்டு."

"நைனா, உலகம் உருண்டை. கிழக்க போனாலும் அதே ஊரு, மேற்க போனாலும் அதே ஊரு." எழிலரசி போனை எடுத்துக் காட்டினாள். "பதினாறாயிரம் கிலோமீட்டருக்கு மேல. எந்தப் பக்கம் போனாலும் ஒரு நாளுக்கு மேல ஆவும். இதுல தமாசு இன்னான்னா, கொரியாவுல மத்தியானம் ஃபிளைட் ஏறினா, மெக்சிகோவுல அதே நாள் காலையில எறங்கிடுவேன்."

கோதண்டம் கணக்குப் போட்டுப் பார்த்தார். முப்பது வருஷமாக வண்டி ஓட்டுகிற மனுஷன். சீக்கிரம் போய்ச் சேருவது தெரியும், லேட்டாகப் போய்ச் சேருவது தெரியும். கிளம்புவதற்கு முன்பே போய்ச் சேருவது அவர் கேள்விப்படாத சர்வீஸ்.

"ஏறுறதுக்கு முன்னாடியே எறங்கிடுவியா?"

"அங்க நேரம் பின்னால கீது நைனா."

"அப்போ சூலமே அவளைப் புடிக்க முடியாது, வுடுயா," என்றாள் கங்கா.

எழிலரசி சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து மெதுவாகச் சொன்னாள். "நைனா, விரல் காய்ச்சிப்போற வரைக்கும் வயர் மாட்டி வாங்கின சான்ஸு இது. நம்ம வூட்டுல யாரும் மீனம்பாக்கம் தாண்டினது இல்ல. நீ ஒண்ணியும் பண்ணாம இரு, அது போதும்."

கோதண்டம் தலையாட்டினார். ஒன்றும் பண்ணாமல் இருப்பது எப்படி என்று மட்டும் அவருக்குத் தெரியவில்லை.

மறுநாள் புதன்கிழமை, முதல் டிரிப் முடிந்ததும் வாலாஜாபாத்தில் ஜோசியர் பகலவனைப் போய்ப் பார்த்தார். பகலவனின் அப்பா ஊரறிந்த நாத்திகர், சாமி பேர் வேண்டாமென்று இந்தப் பேர் வைத்தது அவர்தான். பிள்ளை ஜாதகம் பார்க்கப் போய்விட்டான். அப்பா போனபிறகு அந்தப் பேர் பலகையில் எடுப்பாக இருக்கிறது என்று மாற்றாமல் வைத்துக்கொண்டான்.

பகலவன் கட்டம் போடவில்லை. போனில் உலக உருண்டையைத் திறந்து வைத்துச் சுற்றினான். சென்னையில் ஒரு விரல், மெக்சிகோவில் ஒரு விரல்.

"கோதண்டம், ஒரு சிக்கல் கீது. கிழக்க எவ்ளோ தூரமோ, மேற்கயும் ஏறக்குறைய அவ்ளோதான். நேர் எதிர்ப் பக்கத்துல கீது ஊரு."

"அப்போ ரெண்டுமே பாக்கணுமா?"

"மூணு. நேரா கோடு போட்டா வடதுருவத்து மேல ஏறி அந்தப் பக்கம் எறங்குது. பாரு." பகலவன் போனைத் திருப்பிக் காட்டினான். சென்னையிலிருந்து கிளம்பிய நீலக்கோடு நேராக வடக்கே போய், பனிக்குமேல் ஏறி, மறுபக்கம் மெக்சிகோவில் விழுந்திருந்தது. "உண்மையான திசை வடக்கு. செவ்வாய், புதன் போச்சு. கிழக்குக்கு திங்கள், சனி போச்சு. மேற்குக்கு வெள்ளி, ஞாயிறு போச்சு. மிச்சம் வியாழன் ஒண்ணுதான். வியாழன் தெற்க சூலம். தெற்கே போயி மெக்சிகோ போறவன் எவனும் இல்ல."

கோதண்டம் விரல் விட்டு எண்ணினார். "நாளைக்குத்தான வியாழன். டிக்கெட் சனிக்கெயமெ ஆச்சே."

"அதுக்குத்தான் பரஸ்தானம் கீது. நல்ல நாள்ல பெட்டியை வூட்டை விட்டு எடுத்து, வேற ஒருத்தர் வூட்டுல வெச்சுடு. பெட்டி கெளம்பிட்டா ஆள் கெளம்பின கணக்கு. அப்புறம் எந்தக் கிழமை ஏறினா இன்னா? ஆனா ஒண்ணு, ஒரு தடவை வெச்சுட்டா பெட்டி திரும்ப வூட்டுக்கு வரக்கூடாது. இன்னொண்ணு, உள்ள முக்கியமான பொருள் ஏதாவது இருக்கணும். வெறும் துணியை வெச்சா துணிதான் போவும்."

அன்று சாயங்காலமே டீக்கடையில் இசக்கிபாண்டியிடம் பரஸ்தானக் கணக்கையும் சொல்லிவைத்தார். வியாழக்கிழமை காலை எழிலரசி ஷிஃப்ட்டுக்குப் போனதும் கோதண்டம் அவளுடைய சிவப்புப் பெட்டியைத் தூக்கினார். முக்கியமான பொருள் எது என்று யோசித்ததில் பீரோவிலிருந்த பாஸ்போர்ட்டைவிட முக்கியமாக ஒன்றும் தென்படவில்லை. அதையும் உள்ளே வைத்துப் பூட்டினார்.

"எங்கயா தூக்கினு போற?" என்றாள் கங்கா.

"சக்கரம் சரியா ஓடல. ரிப்பேருக்கு."

நேராக இசக்கிபாண்டியின் ரூமுக்குப் போனார். அவன் ஒன்றும் கேள்வி கேட்கவில்லை. பரஸ்தானம் என்றதும் புரிந்துகொண்டு பெட்டியை வாங்கி மூலையில் வைத்தான். அந்த மூலையில் ஏற்கெனவே ஒரு பெரிய கறுப்புப் பெட்டி இருந்தது. நல்ல விலை உயர்ந்த பெட்டி, பளபளவென்று நின்றது.

"இது யாருது பாண்டி?"

"தெரிஞ்சவிய பெட்டி. அவியளும் ஊருக்குப் போறாவ. சனிக்கெழம நானே ரெண்டையும் ஏர்போர்ட்டுக்கு எடுத்தாந்துருதேன், நீங்க கவலப்படாதிய."

கோதண்டம் நிம்மதியாக கேன்டீனுக்குப் போய்ச் சாப்பிட்டார். அன்றைக்கு கேன்டீனில் எல்லாருக்கும் ஒரே பேச்சு. மூன்று வருஷமாகத் தன் ஊர் ஊறுகாயைத் தவிர எதையும் தொடாத பார்க் சார், இந்த வாரம் இரண்டு தடவை ஆள் அனுப்பித் தயிர் கேட்டாராம்.

"பாத்தியா, வெயில் எப்பேர்ப்பட்ட ஆளையும் நம்ம ஊரு தயிருக்குக் கொண்டாந்து வுட்டுடுது," என்று சொல்லி, கோதண்டம் இன்னொரு கரண்டி மோர் வாங்கிக்கொண்டார்.

அந்த நிம்மதி வெள்ளிக்கிழமை காலை வரைக்கும் தாங்கியது.

எழிலரசி போன் பண்ணினாள். "நைனா, சுபஸ்ரீ மேடம் ஒரிஜினல் பாஸ்போர்ட் கேக்கறாங்க. வழி மாத்தினதால மறுபடி சரிபாக்கணுமாம். சாயங்காலத்துக்குள்ள குடுக்கலன்னா டிக்கெட்டை நரசிம்மன் பேருக்கு மாத்திடுவாங்களாம். அம்மாவைப் பீரோவுல பாக்கச் சொன்னா இல்லன்றாங்க. பெட்டியும் இல்லன்றாங்க. நீ எங்க நைனா ரிப்பேருக்குக் குடுத்த?"

"நீ பயப்படாத. நான் கொண்டாறேன்."

இசக்கிபாண்டிக்கு அடித்தார். சுவிட்ச் ஆஃப். பார்க் சார் காரில் இருக்கும்போது டிரைவர் போன் பேசக்கூடாது, அது கம்பெனி ரூல். கார் காலையிலேயே சென்னைக்குப் போயிருந்தது.

ஓட்டமும் நடையுமாக ரூமுக்குப் போனார். கதவில் திண்டுக்கல் பூட்டு தொங்கியது. வீட்டுக்காரம்மா குழம்புக் கரண்டியோடு வெளியே வந்தாள்.

"பூட்டை உடைக்கணும்மா. உள்ள பெட்டி கீது, அதுல பாஸ்போர்ட்டு கீது."

"யார் பெட்டி?"

"எம்பொண்ணு பெட்டி."

வீட்டுக்காரம்மா கரண்டியை இறக்கிவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்தாள். "உம்பொண்ணு பெட்டி கல்யாணம் ஆவாத பையன் ரூம்ல ஏன் கீது?"

"அது வந்து, நான்தான் கொண்டாந்து வெச்சேன்."

"நீயே கொண்டாந்து வெச்சியா? பாஸ்போர்ட்டோடயா?" வீட்டுக்காரம்மாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. "இந்தக் காலத்துல இப்டி ஒரு அப்பன் யாருக்குக் கிடைப்பான்? பூட்டை உடைக்க வாணாம்பா. புள்ளைங்களே வந்து நல்ல நேரத்துல தொறக்கட்டும்."

வீட்டுக்காரம்மாவின் மருமகன் கம்பெனி வாசலில் செக்யூரிட்டி. கோதண்டம் அங்கிருந்து கம்பெனிக்கு வருவதற்குள் செய்தி வந்து, டீ குடித்து, லைன் லைனாகச் சுற்றியும் முடித்திருந்தது. பார்க் சார் டிரைவர் எழிலரசியைக் கூட்டிக்கொண்டு மெக்சிகோவுக்கே ஓடிப்போகிறான், அப்பன்தான் ஏற்பாடு. நரசிம்மன் மட்டும், "அதுக்கு ஏன் அவ்ளோ தூரம்? திருநீர்மலைக் கோயில்ல தாலி கட்டினா போதுமே," என்று நியாயம் பேசிக்கொண்டிருந்தான்.

வாசலில் எழிலரசி நின்றாள். கண் சிவந்திருந்தது.

"நைனா, நான் யார்கூட ஓடிப்போறேன்?"

"எழிலு..."

"நான் உங்கிட்ட இன்னா கேட்டேன்? ஒண்ணியும் பண்ணாம இருன்னேன். எனக்கு மூச்சு இழுக்குதுன்னாங்க, சரின்னு குழாய ஊதினேன். இப்ப எனக்குக் கல்யாணமே பண்ணி வெச்சுட்டாங்க. எதை ஊதி நான் இல்லன்னு காட்டுவேன்?"

முப்பது வருஷத்தில் ஒரு விபத்து கிடையாது, ஒரு கேஸ் கிடையாது. ஒரு காலண்டர் தாளை வைத்துக்கொண்டு பெற்ற பெண்ணை இப்படி நடுவாசலில் நிறுத்திவிட்டோமே என்று கோதண்டத்துக்கு அழுகை வந்தது.

அந்த நேரம் பார்த்து பார்க் சாரின் கார் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பியது. கோதண்டம் யோசிக்கவில்லை. இரண்டு கையையும் விரித்துக்கொண்டு காருக்கு முன்னால் போய் நின்றார். இசக்கிபாண்டி போட்ட பிரேக்கில் முன்சீட்டில் இருந்த சந்திரலேகாவின் தலை டேஷ்போர்டில் முட்டப் பார்த்தது. பார்க் சார் பேசுவதைத் தமிழில் சொல்வதும், மற்றவர்கள் பேசுவதை அவருக்குக் கொரிய மொழியில் சொல்வதும் சந்திரலேகாவின் வேலை. கண்ணாடியை இறக்கினாள்.

"என்னண்ணா இது? சார் என்ன விஷயம்னு கேக்கறார்."

"எம்பொண்ணு பாஸ்போர்ட்டு உங்க டிரைவர் ரூம்ல கீது."

சந்திரலேகா அதை மொழிபெயர்த்தாள். பார்க் சார் இசக்கிபாண்டியின் பின்மண்டையைப் பார்த்தார். இசக்கிபாண்டி ஸ்டியரிங்கைப் பார்த்தான். அதற்குள் சுபஸ்ரீ, நரசிம்மன், செக்யூரிட்டி என்று கூட்டம் சேர்ந்துவிட்டது.

இனிமேல் மறைத்தால் பெண்ணின் பேர் கெட்டுப்போகும். கோதண்டம் எல்லாவற்றையும் கொட்டினார். வெள்ளிக்கிழமை மேற்கே சூலம் என்பதில் ஆரம்பித்து, ஜெர்மனிக் குளிர், வடதுருவம், பகலவன், பரஸ்தானம் வரைக்கும் சொன்னார்.

"பொண்ணு மேல தப்பு இல்ல சார். டிரைவர் தம்பி மேலயும் தப்பு இல்ல. அதுக்கு மூச்சு இழுக்கல, நான்தான் பொய் சொன்னேன். எனக்கு பயம் சார். பஸ்ஸு போற தூரம்னா ஒண்ணு ஆச்சின்னா நானே போயி கூட்டிகினு வந்துடுவேன். இந்த ஊருக்கு எந்தப் பக்கம் ரோடுன்னே எனக்குத் தெரியல. பெத்தவன் கூட வர முடியாத எடத்துக்கு அனுப்பறேன், நாளாவது நல்ல நாளா இருக்கட்டும்னு பாத்தேன். அதுக்கு சான்ஸை மட்டும் மாத்திடாதீங்க சார். வேணும்னா என்னை வேலைய விட்டு நிறுத்திடுங்க."

எழிலரசி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்ததில் கோபம் பாதி இருந்தது, மீதி வேறு.

சந்திரலேகா நீளமாக மொழிபெயர்த்தாள். சூலத்துக்குக் கொரிய மொழியில் வார்த்தை தெரியாமல் கையால் நாலு திசையும் காட்டினாள். பார்க் சார் சிரிக்கவில்லை, கோபப்படவில்லை. ஜன்னல் வழியாக ஏதோ கேட்டார்.

"எந்த நாள்தான் சரியான நாள்னு கேக்கறார்," என்றாள் சந்திரலேகா.

"வியாழக்கெயமெ, சார்."

பார்க் சார் இரண்டே வார்த்தை சொன்னார்.

"அப்போ எல்லாரும் வர்ற வியாழக்கிழமையே போகலாம்கிறார். அவரும் எழிலரசியும். சுபஸ்ரீ, டிக்கெட்டை மாத்திடச் சொல்றார்."

கூட்டம் வாயைப் பிளந்தது. நரசிம்மன் மெதுவாகப் பின்வாங்கி, கடைசியில் டீக்கடைப் பக்கம் நின்றான்.

அடுத்த ஐந்து நாளும் ஒரகடத்தில் பார்க் சார் புராணம்தான். ஒரு பஸ் டிரைவரின் மனசு நோகக்கூடாது என்று கொரியாவுக்கும் மெக்சிகோவுக்கும் போன் போட்டுத் தேதியை மாற்றிய மனுஷன். நம்ம ஊர் முதலாளிகூட இப்படிச் செய்வானா என்று கேட்டார்கள். கோதண்டம் டேஷ்போர்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் பார்க் சார் படத்தையும் வைத்தார். கங்காதான், "மாலை மட்டும் போட்டுடாத, உயிரோட கீற ஆளு," என்று தடுத்தாள்.

வியாழக்கிழமை மீனம்பாக்கத்தில் கோதண்டமும் கங்காவும் சீக்கிரமே வந்து நின்றார்கள். கோதண்டத்தின் கையில் ஒரு பை. அதில் வெல்லம், தயிர், பால் மூன்றும் இருந்தன. இன்றைக்கு எதுவும் தேவையில்லை என்று அவருக்கே தெரியும். ஆனாலும் வழியில் பைலட் திசையை மாற்றினால் என்ன செய்வது?

"உள்ள வுட மாட்டாங்க நைனா," என்றாள் எழிலரசி.

"வெல்லத்தை மட்டுமாவது வாயில போட்டுக்க."

எழிலரசி வாயைத் திறந்தாள். கோதண்டம் ஊட்டிவிட்டார். அவளுக்குக் கண் நிறைந்து, "போன் பண்றேன் நைனா. நான் அங்க காலையில பேசினா உனக்கு ராத்திரி. தூங்காம இருப்பியா?" என்றாள்.

"முப்பது வருஷமா ஸ்டியரிங்ல தூங்காதவன். போன்ல தூங்குவனா? போயி வா. நல்லா சொல்லிக் குடு அந்தப் பொண்ணுங்களுக்கு."

அதைச் சொன்னபோது அவர் பயம் போயிருந்தது. எங்கோ உருண்டையின் அந்தப் பக்கம் இருக்கும் ஊரில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தன் பெண் சொல்வதைக் கேட்கப்போகிறார்கள் என்பது அப்போதுதான் அவருக்குப் படமாகத் தெரிந்தது.

கம்பெனி கார் வந்து நின்றது. பார்க் சார் இறங்கினார். கோதண்டம் ஓடிப்போய்க் கும்பிட்டு, வேறு எதுவும் கொடுக்கத் தோன்றாமல் தயிர் பாக்கெட்டை நீட்டினார். பார்க் சார் புன்னகையோடு கையை அசைத்து மறுத்தார்.

"இன்றைக்கு வியாழன்," என்றார் தட்டுத் தடுமாறித் தமிழில். "தயிர் வேண்டாம்."

கோதண்டம் தயிரும் கையுமாக நின்றார். இந்த மனுஷனுக்கு இது எப்படித் தெரியும்?

இசக்கிபாண்டி டிக்கியைத் திறந்து பெட்டிகளை இறக்கினான். முதலில் எழிலரசியின் சிவப்புப் பெட்டி. பின்னால் ஒரு பெரிய கறுப்புப் பெட்டி, பளபளவென்று. பார்க் சார் அதன் பிடியைப் பற்றி உருட்டிக்கொண்டு எழிலரசியோடு உள்ளே போனார்.

"பாண்டி, அந்தக் கறுப்புப் பொட்டிய எங்கயோ பாத்த மாரி கீதே?"

இசக்கிபாண்டி டிக்கியை மெதுவாக மூடினான்.

"என் ரூம்லதான் பாத்திய அண்ணாச்சி. பயணத்துக்குத் தெச சரியில்லன்னு சாரோட அம்மா கொரியாவுலேந்து ஒரே அழுகையாம், நீங்க டீக்கடையில சொன்னதைத்தான் நான் சார்ட்ட சொன்னேன், சாரே உங்களுக்கு முன்னாடி வந்து பெட்டிய வச்சிட்டுப் போயிட்டாவ."